ஆஸ்பத்திரியில நிக்கிற ஆளுக்கும் ஒரு மாத்து ஆள் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட பேப்பர்ல ஆஸ்பத்திரி எண்டு வாற செய்தி எல்லாத்தையும் விடாம வாசிக்கிற ஆள் நான். புதுக் கட்டடம் திறந்தாங்க, ஸ்கான் மெஷின் பழுது, ஸ்பெஷலிஸ்ட் இல்ல, ஸ்ட்ரைக், மருந்து வெளிய வாங்கச் சொல்றாங்க. எல்லாம் வேணும்தான், குறை சொல்லல்ல. ஆனா கட்டில்ல கிடக்கிறவங்களுக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிக்குமே, ராவும் பகலும், பிளாஸ்கும் பேசனும் வெச்சுக்கிட்டு, அந்த ஆளப் பத்தி ஒரு வரி சரி நான் எந்தப் பேப்பர்லயும் காணல்ல. அதான் எழுதுறன். எழுத்துப் பிழை கிடந்தா நீங்களே திருத்திக்கங்க, போன்ல கொஞ்சம் கொஞ்சமா டைப் பண்ணினது.

எங்கட ஊர் மட்டக்களப்பில படுவான்கரைப் பக்கம். மாமிக்கு, என்ட அவர்ட அம்மாக்கு, விடியக்காத்தால பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கதையும் நிண்டுட்டு. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சம். காசில்லாம வாற ஆம்புலன்ஸ், எங்கட ரோட்டுக்கும் வந்திச்சு, அந்தப் புண்ணியத்த மறைக்க ஏலாது. ஏத்தின பிறகு அந்தப் பொடியன் "கூட ஆரு வாற?" எண்டு கேட்டான். வாசல்ல நிண்ட அத்தின பேரும் என்னத்தான் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தரும் வாயத் திறந்து நீ போ எண்டு சொல்லல்ல, சொல்லத் தேவையும் இல்ல. பொம்புள வாட்டில ராவைக்கு பொம்புளதான் நிக்கலாம், அவர் மேசன் வேல, போகாட்டி அண்டைக்குச் சம்பளம் இல்ல, மூத்த மச்சாள் குவைத்தில, இளைய மச்சாளுக்கு கைக்குழந்த. கழிச்சுப் பாத்தா மிஞ்சுறது மருமகள் மட்டும்தான். மாமியோட எனக்கு ஒரு குறையும் இல்ல, என்ட ரெண்டு புள்ளையளையும் வளத்து எடுத்தது அவதான், அதால இத மாமியார் மருமகள் சண்டை எண்டு ஆரும் எடுக்க வேணாம்.

வெளிய இருந்து பாக்கிற ஆக்கள் நினைக்கிறது, நிக்கிற ஆள் சும்மா கதிரையில குந்திக்கிட்டு போன் பாக்கிற எண்டு. முதல்ல கதிரையே இல்ல, அது வேற கத. மாமிக்கு மூக்கால ட்யூப் போட்டிருந்திச்சு. நர்ஸ் மிஸ் ஒருக்கா செய்து காட்டினா, ரெண்டாந்தரம் நான் செய்யப் பக்கத்தில நிண்டு பாத்தா, மூண்டாந்தரம் தொட்டு அது என்ட வேல. தலைமாட்ட உசத்தணும், பெரிய சிரிஞ்சில இருக்கிற தள்ளுற தண்ட இழுத்து எடுத்துட்டு வெறும் குழாய ட்யூபில பொருத்தி, வடிச்ச கஞ்சிய அதுக்குள்ள ஊத்தி கைய உசத்திப் புடிச்சுக்கிட்டு நிண்டா அது தன்பாட்டுக்கு இறங்கும். கை வலிக்குது எண்டு தள்ளக் கூடா. தள்ளினா இருமும், இருமி நெஞ்சுக்குள்ள போனா நியூமோனியா வரும் எண்டு சொல்லிட்டாங்க, அத ஒருக்கா கேட்ட பிறகு ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் எனக்கு கை நடுங்கத் துடங்கிட்டு. ஊத்தி முடிஞ்சு அரை மணித்தியாலம் படுக்க வைக்கக் கூடா. மறுகா ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் போடணும், இல்லாட்டி முதுகில படுக்கைப் புண் வரும். குடுத்தது எத்தின மில்லி, பேக்கில சலம் எத்தின மில்லி எண்டு துண்டில எழுதணும். சேலைன் முடியுதா பாக்கணும். ரத்தம் எடுத்த போத்தலக் கொண்டு லேபுக்கு ஓடணும், இல்லாத மருந்துக்கு வெளிய பார்மசிக்கு ஓடணும், ஓடுற நேரம் பக்கத்துக் கட்டில் ஆளிட்ட ஒருக்கா பாத்துக்கங்க எண்டு கெஞ்சிட்டு ஓடணும்.

இத மிஸ்மார்ட குறையா எழுதல்ல. ஒரு மிஸ் ராவைக்கு எத்தின கட்டில பாக்கிறா எண்டு நிண்டு பாத்த ஆளுக்குத்தான் தெரியும். 2022 காசுப் பிரச்சினைக்குப் பிறகு டொக்டர்மாரும் நர்ஸ்மாரும் வரிசையா வெளிநாடு போனதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கததான். நான் சொல்றது என்னண்டா, நம்மட நாட்டில காசில்லாம வைத்தியம் நடக்குது எண்டு பெருமையாச் சொல்றம், அந்தக் காசில்லாத வைத்தியத்தில ஒரு பங்கு இந்த நிக்கிற ஆக்கள்ட முதுகிலதான் ஓடுது. கணக்கில மட்டும் இல்ல. கட்டிலுக்கு நம்பர் இருக்கு, நோயாளிக்கு டிக்கெட் இருக்கு, நிக்கிற ஆளுக்கு ஒரு பாஸ் துண்டு, அதிலயும் நோயாளிட பேர்தான்.

ஆள் நிக்கிற பழக்கம் நம்மட ஏழ்மையால வந்த ஒண்டு எண்டு சிலர் நினைக்கிறாங்க. அப்படி வந்தாலும் அத வைத்தியத்தோட சேத்து நடத்த ஏலும். 1950கள்ல அம்ரித்சர்ல வித்யா சாகர் எண்ட மனநல டொக்டர், ஆஸ்பத்திரியில இடமும் காணா ஆக்களும் காணா எண்டுபோட்டு நோயாளிட குடும்பத்தையே கூப்பிட்டு வளவுக்குள்ள டென்ட் அடிச்சு தங்க வெச்சவர். வேலூர்லயும் மனநலப் பகுதியில குடும்ப ஆள் ஒருத்தர் கூட இருக்கிற முறைய அந்தக் காலத்தில இருந்தே நடத்துறாங்க. அங்க கூட இருக்கிற ஆளையும் வைத்தியத்துக்குள்ள சேத்துக்கிட்டாங்க, அவங்களோட இருந்து கதைச்சாங்க, நோய் என்னண்டு விளங்கப்படுத்தினாங்க. இப்பவும் இந்தியாவில நூரா ஹெல்த் எண்டு ஒரு அமைப்பு வாட்டிலயே நிக்கிற குடும்பத்து ஆக்கள இருத்தி, புண்ணுக்கு எப்படி மருந்து கட்டுற, எது வந்தா உடன ஓடி வரணும் எண்டு நர்ஸ்மார வெச்சு சொல்லிக் குடுக்கிற. அப்ப ஏலாத காரியம் ஒண்டும் இல்ல.

நம்மட பக்கம் என்ன நடக்குது? காலையில டொக்டர்மார் ரவுண்ட்ஸ் வாற நேரம் "நிக்கிற ஆக்கள் எல்லாம் வெளிய போங்க" எண்டு சத்தம் வரும். பேக்க எல்லாம் கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டு படிக்கட்டில போய் நிப்பம். ராவு முழுக்க மாமி எத்தின தரம் இருமினா, எந்தக் கை கொஞ்சம் அசைஞ்சிச்சு எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நான், அவங்க மாமியப் பத்திக் கதைக்கிற நேரம் நான் படிக்கட்டில. உள்ள வந்து கேட்டா "ஸ்கான் பாத்துட்டுச் சொல்லுவாங்க" எண்டு அட்டெண்டன் சொல்லுவா. என்ன ஸ்கான், என்ன பாத்தாங்க, கதை திரும்ப வருமா வராதா? தெரியா. வீட்டில இருந்து போன் எடுத்துக் கேப்பாங்க, டொக்டர் என்ன சொன்ன எண்டு. ஒண்டும் சொல்லல்ல எண்டா, நீ ஒழுங்காக் கேக்கிறல்ல எண்டு என்ன பேசுவாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவில நிண்டு நசியிறது இருக்கே, அது புடவை துவைக்கிறதயும் மலம் அள்ளுறதயும் விடப் பெரிய பாரம். வேலை உடம்ப முறிக்கும், ஒண்டும் தெரியாம நிக்கிறது மனசத்தான் முறிக்குது.

ராவைக்கு பன்னெண்டு மணி தாண்டினா வாட் ஒரு மாதிரிப் போகும். லைட் பாதிய நூப்பாங்க. பான் சத்தம், ஆரோ அனுங்குற சத்தம், நுளம்பு. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில பாய் போட்டு காலை மடக்கிக்கிட்டு கிடக்கணும், நீட்டினா ட்ரொலி ஏறும். அத்தின சனத்துக்கு நடுவிலதான் கிடக்கிறம், ஆனா ஒரு ஆளும் இல்லாத மாதிரி இருக்கும். போன எடுத்து ஆருக்கு அடிக்கிற? அவர் விடிய எழும்பி வேலைக்குப் போகணும். அம்மாக்கு அடிச்சா அவ அழுவா, பிறகு நான்தான் அவவ ஆத்தணும். அப்படியே போன நோண்டிக்கிட்டு கிடந்ததில வாசிச்ச விசயங்கள்தான் கீழ எழுதுறது, கம்பஸ்ல படிக்கிற என்ட தங்கச்சிட்டயும் கேட்டு சரி பாத்த பிறகுதான் எழுதுறன்.

1995ல அமெரிக்காவில ஒஹாயோவில ஒரு ஆராய்ச்சி செய்திருக்காங்க. மறதி நோய் வந்த சொந்தக்காரரப் பாக்கிற பொம்புளையள் கொஞ்சப் பேர், அதே வயசில அப்படி ஆரையும் பாக்காத பொம்புளையள் கொஞ்சப் பேர். எல்லார்ட கையிலயும் ஒரே அளவில சின்னக் காயம் ஒண்டு போட்டு எத்தின நாளில ஆறுது எண்டு பாத்தாங்க. நோயாளியப் பாக்கிறவங்களுக்கு ஆற கிட்டத்தட்ட 9 நாள் கூட எடுத்திருக்கு. மனசில கிடக்கிற பாரம் கையில கிடக்கிற காயத்த ஆற விடுதில்ல. எனக்கு இத வாசிக்கத்தான் அந்த வாட்டில கால்ல சுட்டுக்கிட்ட சுடுதண்ணிக் காயம் ஏன் அவ்வளவு நாள் கிடந்திச்சு எண்டு ஒரு யோசினை வந்திச்சு, அதான் காரணம் எண்டு சத்தியம் பண்ண மாட்டன், ஆனா யோசினை வந்திச்சு. 1999ல இன்னொண்டு, வயசான புருசன் பெண்சாதிமார நாலு வருசமாப் பாத்தது. துணையப் பராமரிச்சு அதால மனசும் உடம்பும் களைச்சுப் போனவங்க, அப்படிப் பராமரிக்கத் தேவையில்லாதவங்கள விட 63 சதவீதம் கூடுதலா சாகிற ஆபத்தில இருந்திருக்காங்க. பராமரிச்சும் களைப்பு தெரியாதவங்களுக்கு அந்த அளவு இல்லயாம். அப்ப பிரச்சினை பராமரிக்கிறதில இல்ல, தாங்க ஏலாம தனிய விட்டதிலதான் கிடக்கு எண்டு நான் விளங்கிக்கிட்டன். உலக சுகாதார நிறுவனம் 2025ல விட்ட அறிக்கையில உலகத்தில ஆறு பேருக்கு ஒருத்தர் தனிமையால பாதிக்கப்பட்டிருக்கிற எண்டு சொல்றாங்க. இப்படி நிக்கிற ஆளுக்கு பாரம் எவ்வளவு எண்டு கேட்டு அளக்க 1980ல இருந்து ஒரு கேள்விக் கொத்தே இருக்கு, ஸாரிட் எண்டவர் செய்தது, இப்ப 22 கேள்வியில பாவிக்கிறாங்க. உங்களுக்கெண்டு நேரம் இருக்கா, உங்கட உடம்பு பழுதாப் போயிட்டா எண்ட மாதிரிக் கேள்விகள். ஒரு பேப்பர், ஒரு பேனை, கால் மணித்தியாலம் போதும். நம்மட வாட்டில அத ஆரும் ஆரிட்டயும் கேட்டத நான் காணல்ல.

இப்ப சொல்லப் போறத பேப்பர்ல போடுவீங்களோ தெரியா, ஆனா போடுங்க. நிக்கிற ஆளுக்கு ஒரு கட்டத்தில ஒரு நினைப்பு வரும், இது முடிஞ்சா நல்லம் எண்டு. வந்த உடன நெஞ்சு திடுக்கெண்டும். என்ன பாவி நான் எண்டு மாமாங்கேஸ்வரர நினைச்சு கன்னத்தில போட்டுக்கிறது. ஆரிட்டயும் சொல்ல ஏலா. எனக்கு மட்டும்தான் இப்படி எண்டு நினைச்சுக்கிட்டு இருந்த நேரம், ஒரு நாள் ரவுண்ட்ஸுக்கு வெளிய தள்ளின இடத்தில, ஏறாவூர்ப் பக்கத்து உம்மா ஒராள், தங்கச்சியப் பாக்க நிக்கிறவ, நோன்பு காலம் அது, படிக்கட்டில எனக்குப் பக்கத்தில குந்தினா. "என்ன புள்ள, ராவைக்கும் சாப்பிடல்லயா, முகம் இப்படிக் கிடக்கு" எண்டா. ஒரு மாசத்துக்குக் கிட்ட ஒருத்தரும் கேக்காத கேள்வி, எனக்கு அழுகை வந்துட்டு. பிறகு அவவே மெல்லச் சொன்னா, "சில நேரம் அல்லா எடுத்தா நல்லம் எண்டு வாயில வருது புள்ள, மறுகா தவ்பா செய்றன்." நாங்க ரெண்டு பேரும் அதுக்குப் பிறகு அதப் பத்திக் கதைக்கவே இல்ல. ஆனா அண்டைக்கு ராவு நான் நித்திர கொண்டன். கொஞ்ச நாளில அவங்களுக்கு துண்டு வெட்டி வீட்ட அனுப்பிட்டாங்க. போற நேரம் அவவிட பிளாஸ்க எனக்குத் தந்துட்டுப் போனா. ஆஸ்பத்திரியில வாற சொந்தம் எல்லாம் அப்படித்தான், கட்டில் மாறினா ஆளும் மாறும்.

இப்படி நினைப்பு வாறது ஆள் கெட்டது எண்ட அர்த்தம் இல்ல, ஆள் களைச்சுப் போச்சு எண்ட அர்த்தம். ஆனா நித்திரையே இல்ல, சாப்பாடு இறங்குதில்ல, எல்லாத்துக்கும் அழுகை வருது, எனக்கே ஏதாவது நடந்தா நல்லம் எண்டு தோணுது எண்டு கிழமைக்கணக்கா இழுத்தா அத விட்டுட்டு இருக்கக் கூடா. 1926 எண்ட நம்பர், அங்கொடையில இருக்கிற தேசிய மனநல நிறுவகத்திட, 24 மணித்தியாலமும் எடுக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பகுதி அதே வளவுக்குள்ளதான் இருக்கு, நிக்கிற ஆளே போய் ஓபிடியில துண்டு எடுத்துக் காட்டலாம். விசர் எண்டு ஆரும் எழுதித் தரப் போறதில்ல. சுனாமிக்குப் பிறகு நம்மட பக்கம் ஊர் ஊரா மனநல வேலை செய்ய எத்தின பேர் வந்து போனாங்க, கதைச்சா பாரம் குறையும் எண்டு அந்த நேரம் எங்கட சனம் படிச்சதுதான். அந்தப் பாடம் வாட்டுக்குள்ள மட்டும் ஏனோ போகல்ல. கிழமைக்கு ஒருக்கா மனநலப் பகுதியில இருந்து ஒரு ஆள் வாட்டுக்குள்ள ஒரு சுத்து வந்து, கட்டில்ல கிடக்கிறவங்கள விட்டுட்டு பக்கத்தில நிக்கிறவங்களிட்ட மட்டும் கதைச்சிட்டுப் போனா என்ன?

கொழும்புக்கு மாத்தி அனுப்பின ஆக்கள்ட பாடு இதவிட மோசம். எங்கட ஊர்ல ஒரு தம்பி பெண்சாதிய கேன்சருக்கு அங்க கொண்டு போய் மாசக்கணக்கா நிண்டவன். சிங்களம் தெரியா. வெளிய எங்கயோ ஒரு ரூமில ராவைக்குப் படுத்துட்டு பகலைக்கு பாக்கிற நேரத்துக்கு உள்ள போற. ஒரு நாள் முழுக்க தமிழில ஒரு சொல்லும் கதைக்காம இருந்த நாளும் இருக்காம். திரும்பி வந்த பிறகும் ஆரோடயும் முன்ன மாதிரிக் கதைக்கிறான் இல்ல. ஊரில சனம் அவனுக்கு மண்டைக்கனம் எண்டு சொல்லுது.

சொந்தக்காரரப் பத்தியும் எழுதத்தான் வேணும். பாக்க வாறாங்க, இல்லண்டு சொல்லல்ல. பின்னேரம் பாக்கிற நேரத்துக்கு ஆறேழு பேர் ஒண்டா வருவாங்க, அப்பிள், தோடம்பழம், நெஸ்டமோல்ட் எண்டு. ட்யூபில கஞ்சி குடிக்கிற ஆளுக்கு அப்பிள் என்னத்துக்கு? கட்டிலச் சுத்தி நிண்டு "ஐயோ இப்படி மெலிஞ்சு போனாவே" எண்டு என்னப் பாத்துச் சொல்லுவாங்க, நான் சாப்பாடு குடுக்காம விட்ட மாதிரி. மணி அடிச்சா போயிடுவாங்க. குவைத்தில இருக்கிற மச்சாள் வீடியோ கோல் எடுத்து "அம்மாவக் காட்டு மச்சாள், கிட்டக் காட்டு" எண்டு அழுவா, அவவும் பாவம், அங்க ஆர்ட வீட்டிலயோ ஒரு வயசான அம்மாவத்தான் பாத்துக்கிட்டு இருக்கா, தன்ட அம்மாவப் பாக்க ஏலாம. போன நான் புடிச்சுக்கிட்டு நிக்கிற, அதால என்ட முகம் வீடியோவில வாறதே இல்ல. அப்பிள் வேணாம், அழுகையும் வேணாம், ஆறேழு பேர்ல ஒரு பொம்புள "இண்டைக்கு ராவைக்கு நான் நிக்கிறன், நீ வீட்ட போய் குளிச்சிட்டு புள்ளையளோட படு" எண்டு சொல்லி இருந்தா நான் அவவக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பன். ஒரு ராவு. அவ்வளவுதான் கேக்கிறது.

இதத்தான் நான் முக்கியமா எழுத வந்தது. நம்மட கனக்க ஊர்ல மரணாதாரச் சங்கம் இருக்கு. மாசச் சந்தா கட்டுறம். ஒரு வீட்டில சாவு விழுந்தா ஒரு மணித்தியாலத்துக்குள்ள கதிரை வருது, டென்ட் வருது, ஜெனரேட்டர் வருது, தேத்தண்ணிக்கு சீனி தேயிலை வருது, இளந்தாரிப் பொடியனுகள் ராவு முழுக்க முழிச்சு இருக்கானுகள். நல்ல சங்கம், கை எடுத்துக் கும்பிடணும். ஆனா அந்த ஆள் சாகிறதுக்கு முந்தி எத்தின ராவு ஆஸ்பத்திரியில கிடந்த, அந்த ராவுகள்ல கூட நிண்ட ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை ஆரும் கொண்டு போய்க் குடுத்தாங்களா? செத்த ஆளுக்கு முழிச்சு இருக்க ஊரே வருது, சாகாம கிடக்கிற ஆளுக்கு முழிச்சு இருக்க ஒரே ஒரு பொம்புள.

வயலுக்கு தண்ணி விடுற நேரம் வட்டவிதானை முறை வெச்சு இண்டைக்கு ஆர்ட வயல் நாளைக்கு ஆர்ட வயல் எண்டு பிரிக்கிறாரே, அந்த மாதிரி சங்கத்திலயும் ஒரு ஆஸ்பத்திரி முறை வைக்க ஏலாதா? ஊர்ல ஆரும் வாட்டில கிடந்தா, ஏலுமான பொம்புளையள் பத்துப் பேர்ட பேர் எழுதி வெச்சு, ஆளுக்கு ஒரு ராவு. ஆம்புள வாட் எண்டா ஆம்புளைகள். போக வர பஸ் காசும் ராவுச் சாப்பாடும் சங்கத்தால. தனியப் போக பயம் எண்டா பின்னேர பஸ்ஸில விட்டு விடியக் கூட்டி வர ஊர் ஓட்டோக்காரர் ஒராளப் பேசலாம், படுவான்கரைப் பக்கம் பின்னேரத்துக்குப் பிறகு பஸ் எப்படி எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. இது கனவு இல்ல. கேரளாவில கோழிக்கோட்டுப் பக்கம் 1993ல ஒரு சின்ன கிளினிக்கா துடங்கினது, பிறகு ஊர்ச் சனமே கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் சரி தாறம் எண்டு வந்து, படிச்சு, படுக்கையில கிடக்கிறவங்கள்ட வீட்டுக்குப் போய் நோயாளியையும் பாத்து வீட்டு ஆக்களோடயும் இருந்து கதைச்சிட்டு வாற அளவுக்கு வளந்து, 2008ல அந்த மாநில அரசாங்கமே அத ஒரு கொள்கையா எடுத்திச்சு. டீச்சர்மார், கடைக்காரர், பென்சன்காரர், புள்ளையள் எண்டு சாதாரண ஆக்கள்தான் செய்தது.

கோயில், பள்ளிவாசல், சேர்ச் எண்டு எதில வேணும்டாலும் செய்யலாம். வைகாசியில கண்ணகை அம்மன் சடங்குக்கு எங்கட ஊர்ல ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு நாள் பூசை எண்டு பிரிச்சு ஒரு நாளும் தவறாம நடக்குது. அம்மனுக்கு நாள் பிரிக்கத் தெரிஞ்ச சனத்துக்கு அம்மாக்கு ராவு பிரிக்கத் தெரியாம இருக்காது.

ஆஸ்பத்திரிப் பக்கத்தால கேக்கிறதும் பெரிசா ஒண்டும் இல்ல, கோடி ரூபா பில்டிங் கேக்கல்ல. கட்டிலுக்கு ஒரு கதிரை. பாஸ் துண்ட ஒரு ஆள்ட பேர்ல கட்டிப் போடாம, ஆள் மாத்த லேசா விடுங்க, பின்னேரம் ஒராள் போய் மத்த ஆள் உள்ள வர கேட்டில நிக்கிற ஐயாவோட சண்டை புடிக்கத் தேவையில்லாம. பொம்புளையளுக்கு உடுப்பு மாத்தி குளிக்க பூட்டுப் போட்ட ஒரு இடம், வாட்டுக் கக்கூசுக்குள்ள ஒளிச்சு ஒளிச்சு மேல் கழுவாம. ரவுண்ட்ஸ் முடிஞ்ச பிறகு ஒரு டொக்டர் வெளிய வந்து நிக்கிற ஆளிட்ட ரெண்டு நிமிசம், தமிழில, இண்டைக்கு இப்படி இருக்கு, நாளைக்கு இது செய்யப் போறம். ஒரு சின்ன டொக்டர் பொடியன் ரெண்டு மூண்டு நாள் தன்பாட்டில அப்படி வந்து சொன்னவன், அவன் வந்த நாளெல்லாம் எனக்கு நெஞ்சு படபடப்பு இல்ல. அவன் நல்லா இருக்கணும்.

இப்ப மாமி வீட்ட. ட்யூப் கழட்டியாச்சு, கதை கொஞ்சம் கொஞ்சம் வருது, என்ட பேர மட்டும் திருத்தமாச் சொல்றா, வேலை வாங்குறதுக்கு அது போதும்தானே. துண்டு வெட்டின அண்டைக்கு கிளினிக் கொப்பியில அவக்கு அடுத்த திகதி போட்டுத் தந்தாங்க. வீட்ட வந்த பிறகு வேலை குறையும் எண்டு நினைச்சன், குறையல்ல, வாட்டில சரி பக்கத்துக் கட்டில் ஆளோட ஒரு வார்த்தை கதைக்கலாம், இங்க அதுவும் இல்ல.

சங்கத்துச் செயலாளர் அண்ணனிட்ட இந்த ஆஸ்பத்திரி முறைய நான் ஒருக்கா எடுத்துச் சொன்னன். நல்ல மனுசன், குறுக்க பேசாம கேட்டுட்டு "இது மரணத்துக்குரிய சங்கம் தங்கச்சி, யாப்பில உயிரோட இருக்கிற ஆக்களுக்கு ஒண்டும் இல்ல" எண்டார். யாப்ப மாத்த ஏலாதா எண்டு கேட்டன். பொதுக்கூட்டத்தில ஒராள் எழும்பி பிரேரணை வைக்கணும், இன்னொராள் வழிமொழியணும் எண்டார். பொம்புளையள் அந்தக் கூட்டத்துக்குப் போற வழக்கம் இல்ல, சந்தா மட்டும் நாங்கதான் வீட்டு வாசல்ல வெச்சுக் கட்டுற. கூட்டம் அடுத்த மாசம் பின்னேரம். பிரேரணைய நானே வைக்கிறன் எண்டு சொல்லிட்டன், வழிமொழிய பக்கத்து வீட்டு அக்கா சம்மதிச்சிட்டா. ரெண்டு பேரும் ஒண்டாப் போனா அந்த ரெண்டு மணித்தியாலம் மாமிக்குப் பக்கத்தில இருக்க மட்டும் இன்னும் ஆள் கிடைக்கல்ல.

இப்படிக்கு,
ஒரு மருமகள்,
படுவான்கரை, மட்டக்களப்பு.